அயல்நாட்டுச் செய்தியும் நம் ஊர்ப் பட்டுக்கூடும்

(மாரண்டஹள்ளியில் நடைபெற்ற நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இக்கூட்டத்திற் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தபொழுது, கம்பன் கவித்திறத்தைப் பற்றியோ வள்ளுவர் கண்ட இல்வாழ்க்கையைப் பற்றியோ யாம் பேசுவோமென அவர் எண்ணியிருந்தார். ‘அயல்நாட்டு உறவுகளை ஆராயும் இதழ்கள்’ என்பதே எம் பொருள் என்று யாம் கூறவே, அவர் சிறிது திகைத்தார். ‘பண்டிதர் ஐயா, இலக்கணம் சொல்லும் வாய்க்கு டில்லி விவகாரம் எதற்கு?’ என்று நகைக்கவும் செய்தார். அவருடைய வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கமென்று கொள்க.

முதற்கண் நம் ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். ‘ஹள்ளி’ என்பது சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல். தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஓர் எழுத்தை நாம் நம் ஊர்ப்பெயரில் நாள்தோறும் சுமந்து வாழ்கின்றோம். சேலத்திற்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் புகைவண்டி நம் ஊர் வழியே செல்கின்றது. எல்லையோரத்து மக்களாகிய நமக்கு, அயலான் வீட்டில் நிகழ்வது நம் வீட்டையும் தொடும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வயல் எத்துணைத் தொலைவு வரை நீண்டிருக்கின்றது என்பதை மட்டுமே நாம் இன்னும் அளந்தறிந்தோமில்லை.

நம் மாவட்டத்தின் பழம்பெயர் தகடூர் என்பதை யாவரும் அறிவீர்கள். அத்தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடத்து ஔவையாரைத் தூதாக விடுத்தான் என்பது புறநானூற்றால் விளங்குவது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிக்க இல்லில் வைத்திருந்த கருவிகளை அவர் கண்டார். கண்டு, ‘நின் படைக்கலங்கள் அழகாக இருக்கின்றன, எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன’ என்னும் கருத்துப்பட உரைத்தார். கேட்போர்க்கு அது புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில், ‘நீ போர் கண்டவனல்லை’ என்பதே அதன் உட்பொருள்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? இரண்டு அரசுகள் பேசிக்கொள்ளும் பேச்சில் மேலே ஒரு பொருளும் உள்ளே ஒரு பொருளும் உண்டு. உட்பொருளை அறிந்தவன் முன்னதாக விழித்துக்கொள்கின்றான். மேற்பொருளை மட்டும் கேட்டவன் மகிழ்ந்து உறங்குகின்றான். வள்ளுவரும் தூது என்றும் ஒற்றாடல் என்றும் வலியறிதல் என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தது இதனாலன்றோ? அக்காலத்தில் இவ்வறிவு அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரியதாயிருந்தது. இக்காலத்தில் அரசர் இலர். வாக்குரிமையுடைய நாமே அரசர். ஆதலின் அவ்வறிவும் நமக்கே உரியதாயிற்று.

நிற்க. இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

அயல்நாடுகளின் நிலையையும் அவற்றோடு நம் நாடு கொள்ளத்தக்க உறவையும் ஆராய்தற்கென்றே சில கழகங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றைத் ‘திங்க் டேங்க்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சிந்தனைத் தொட்டி’ என்றாகும். தொட்டி என்றால் நம் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது. ஆதலின் அச்சொல்லை விடுத்து, ஆய்வுக் கழகம் என்றே வழங்குவோம். அறிஞர் சிலர் கூடியிருந்து நூல்களையும் உடன்படிக்கைகளையும் வாணிகக் கணக்குகளையும் ஆராய்ந்து, தம் முடிபுகளை எழுதுவர். அவ்வெழுத்துக்கள் வெளிவரும் பருவ வெளியீடே நாம் பேசும் இதழ்.

இவ்வழக்கம் முதல் உலகப் போரின் பின்னர் மேனாட்டில் வேரூன்றியது. எவரும் விரும்பாத போர் எவ்வாறு மூண்டது என்று எண்ணிப் பார்த்தவர்கள், அரசாங்க அலுவலர் சிலரிடத்து மட்டும் அயல்நாட்டு விவகாரங்களை விட்டுவைத்தது தவறெனக் கண்டனர். இலண்டனில் சாத்தம் மாளிகை எனப் பெயர்பெற்ற கழகம் 1920-ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவில் நியூயார்க்கில் 1921-ஆம் ஆண்டில் மற்றொரு கழகம் எழுந்து, மறு ஆண்டே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கியது.

நம் நாட்டு நிலை அப்பொழுது எவ்வாறிருந்தது? 1939-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்தியாவும் போரில் இறங்கியதென வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியத் தலைவர் எவரையும் அவர் கலந்துகொண்டாரில்லை. நம் நாட்டு இளைஞர் எந்த நாட்டில் எவரோடு போரிட வேண்டுமென்பதை, நம்மைக் கேளாமலே பிறர் முடிவு செய்தனர். கேட்கப்படாமை என்னும் அப்புண் ஆறாதிருந்த காலத்திலேதான், 1943-ஆம் ஆண்டில், சர் தேஜ் பகதூர் சப்ரு, பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு முதலிய பெரியோர் கூடி ‘இந்திய உலக விவகாரக் கழகம்’ என்னும் நிலையத்தை நிறுவினர். அரசாங்கத்தின் வாயாக இராது, இந்தியர் தம் கண்ணால் உலகைக் காண வேண்டுமென்பதே அவர்கள் கருத்து.

அக்கழகம் 1945-ஆம் ஆண்டில் ‘இந்தியா குவார்ட்டர்லி’ என்னும் காலாண்டிதழைத் தொடங்கியது. நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டு முன்னரே, அயல்நாட்டு உறவை ஆராயும் இதழை நம்மவர் தொடங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வீடு கைக்கு வருமுன்னே வாயிற்கதவைச் செப்பனிட்டவர் அவர். அந்நாளில் கழகத்தின் செயலாளராக உழைத்தவர் அங்காடிப்புரம் அப்பாதுரை என்னும் பேரறிஞர். இவர் தென்னிந்தியாவில் 1000-ஆம் ஆண்டு முதல் 1500-ஆம் ஆண்டு வரை நிலவிய பொருளாதார நிலைமைகளை ஆராய்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1936-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டவர். ஊரின் பழங்கணக்கை ஆராய்ந்தவரே உலகின் புதுக்கணக்கையும் ஆராயப் புகுந்தார். இவ்விரண்டும் ஒரே கல்வியின் இரு கூறுகளென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1947-ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் டில்லிப் பழங்கோட்டையில் நிகழ்ந்த ஆசிய உறவு மாநாட்டைக் கூட்டியதும் இக்கழகமே. விடுதலை நாளுக்கு முன்பே ஆசிய நாட்டவர் பலர் வந்து கூடினர். பின்னர், 2001-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் இது தேசியச் சிறப்புடைய நிலையமாக்கப்பட்டது. குடியரசுத் துணைத் தலைவரே இதன் தலைவராக விளங்குகின்றார். இதுவன்றி, பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் 1965-ஆம் ஆண்டில் தோன்றிய ஆய்வு நிலையமும் டில்லியில் உண்டு. நம் சென்னையிலே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையமும், 2008-ஆம் ஆண்டில் தோன்றிய சீன ஆய்வு மையமும் உள்ளன.

நாளிதழ் இருக்க இவ்விதழ் எதற்கு என்று கேட்பீர்கள். நாளிதழ் நேற்று நிகழ்ந்ததைக் கூறும். இவ்விதழ் அது ஏன் நிகழ்ந்தது, இதற்குமுன் எத்தனை முறை நிகழ்ந்தது, இனி யாது நிகழக்கூடும் என்று ஆராயும். எழுதியவர் தாம் கூறுவதற்கு ஆதாரம் எங்கேயுள்ளதென்று காட்ட வேண்டும். கட்டுரையை அச்சிடுமுன், எழுதியவர் பெயரை மறைத்து, அத்துறையில் வல்லார் இருவர் மூவரிடம் அனுப்பிக் குற்றங் குறை காணச் செய்வதும் இத்தகைய இதழ்களின் வழக்கம். பண்டைக் காலத்தில் நூலொன்றை அரங்கேற்றுங்கால் அவையோர் தடை எழுப்புவதும் ஆசிரியர் விடை கூறுவதும் உண்டன்றோ? இஃது அதன் இக்கால வடிவமென்று கொள்ளலாம்.

இவையெல்லாம் நன்று; இவற்றால் மாரண்டஹள்ளிக்கு யாது பயன்? இதற்கு எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றையே கூறுகின்றோம். பெயர்களைக் கூறுதல் முறையன்று. கேட்போருட் சிலர் அறிந்துகொள்வர்.

எம் தாய்மாமன் ஒருவர் மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்த்து வந்தவர். அவருக்கு மைத்துனர் முறையினர் ஒருவர் பட்டுக்கூட்டை வாங்கி நூல் நூற்பவர். பல்லாண்டுகளாக இவர் கூடு அவர் உலைக்கே சென்றது. 2011-ஆம் ஆண்டிற் கூட்டின் விலை திடீரென வீழ்ந்தது. மாமன் தழைக்கும் ஆட்கூலிக்கும் செலவிட்டது கூட மீளவில்லை. ‘உறவென்று நம்பினேன், விலையடித்துவிட்டான்’ என்று அவர் மனம் கசந்தார். மைத்துனரோ, ‘நூலை வாங்குவாரில்லை, நான் என்ன செய்வேன்?’ என்றார். சொல் வளர்ந்தது. இரண்டு வீட்டிற்கும் இடையே நீரும் நெருப்பும் கொள்வது நின்றது. அவ்வாண்டு மைத்துனர் வீட்டில் நடந்த மஞ்சள் நீராட்டிற்குத் தாய்வழிச் சீர் போகவில்லை. அதனினும் பெரிய மனத்தாங்கல் நம் குடிகளில் வேறுண்டோ?

அடுத்த ஆண்டு மாமன் மல்பெரியை வேரோடு கல்லிவிட்டுத் தக்காளி நட்டார்.

இதற்கெல்லாம் காரணம் மைத்துனரல்லர். 2011-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அயல்நாட்டிலிருந்து வரும் கச்சாப் பட்டின் மீதிருந்த சுங்க வரி நூற்றுக்கு 30 என்பதிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. உலகிற் பட்டு மிகுதியாக விளைவிப்பது சீனம். அதற்கு அடுத்தது இந்தியா. வரி இறங்கவே சீனப் பட்டு மலிந்து, இங்குள்ள நூலின் விலை இறங்கியது. நூல் இறங்கவே கூடும் இறங்கியது. இவ்வழக்குப் புதிதுமன்று. மிகக் குறைந்த விலையிற் சீனப் பட்டைக் கொணர்ந்து குவிக்கின்றனர் என்று கண்டு, 2003-ஆம் ஆண்டிலேயே நம் அரசாங்கம் அதன் மீது தனியாக ஒரு தடுப்பு வரி விதித்திருந்தது. அதனை அறிந்தவர் எவரும், வரி இறங்கினால் யாது விளையுமென்று முன்னரே கணக்கிட்டிருக்கலாம். மாமனுக்கும் மைத்துனருக்கும் அது தெரியாது. தெரிவிப்பார் எவருமிலர். பள்ளியிற் பிள்ளைகட்குப் பாடம் சொல்லும் எமக்கும் அன்று தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

ஆயினும் ஒருபுறமே பேசுதல் அறமன்று. வரியைக் குறைத்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. காஞ்சிபுரத்திலும் காசியிலும் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர்க்கு மலிவான இழை வேண்டும். சீன இழை சீராக இருப்பதால், பாவிற்கு அதனையே விரும்புவோர் பலர். இழை விலை ஏறினால் அவர் அடுப்பு எரியாது. கூட்டு விலை இறங்கினால் நம் அடுப்பு எரியாது. ஒரே வரி ஓர் ஏழையைத் தாங்கி மற்றோர் ஏழையைத் தள்ளுகின்றது. இத்தகைய சிக்கலில் இரு பக்கத்துக் கணக்கையும் ஒருங்கு வைத்து, ஆத்திரமின்றி எடைபோடும் ஓரிடம் வேண்டும். மேடைப் பேச்சு அவ்விடமன்று. தொலைக்காட்சி வாதமும் அவ்விடமன்று. நல்ல ஆய்விதழ் அவ்விடமாகக் கூடும்.

‘அறிந்திருந்தால் மட்டும் வரி குறையாதிருக்குமோ?’ என்று நீங்கள் கேட்கலாம். குறையாதிருக்குமென்று யாம் கூறோம். ஆனால் கருநாடகத்துப் பட்டு வளர்ப்போர் காரணத்தை அறிந்தனர். அறிந்ததனால் முறையிட வேண்டிய இடத்தில் முறையிட்டனர். 2013-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவ்வரி 5-இலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. காரணத்தை அறியாத எம் மாமனோ, முறையிட வேண்டிய இடத்தை விட்டு உறவினர் வாசலில் நின்று முறையிட்டார். அறியாமை நமக்குப் பொருள் நட்டத்தை மட்டும் தருவதன்று. தவறான பகையையும் தருகின்றது. இதனையே யாம் இன்று வற்புறுத்த வந்தோம்.

இனி, பட்டைவிடப் பெரிய ஒன்றைக் கூறுவோம். பொருள் போனால் மீட்கலாம். மனிதரையே பங்கிட்டால் என்செய்வது?

நம் தருமபுரி 1965-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைக்கப்பட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்கள் பல. தலைமுறை தலைமுறையாக அம்மலைகளிலே பிறந்து அங்கேயே மாண்டனர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாளில், நம் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். மொத்தம் 9,75,000 மக்கள். அவருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்பது ஏற்பாடு. அவர்களையும் 1974-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் 75,000 பேர் வீதம் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

எம் இளமையில் எங்கள் தெருவில் இலங்கையினின்று திரும்பிய முதியவர் ஒருவர் இருந்தார். கோடையிலும் கழுத்திற் கம்பளித் துணி சுற்றியிருப்பார். குளிர்மலையிற் பிறந்த உடம்பு என்பார். ‘தாத்தா, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று சிறுவராகிய யாங்கள் கேட்போம். ‘என்னை இந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள், அப்பா. என் அக்காளை அந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள்’ என்பார். அதற்குமேற் சொல்ல மாட்டார். அக்கணக்கு யாதென்று எமக்கு அப்பொழுது விளங்கவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் கழித்தே, ஒரு நூலகத்தில் அவ்வுடன்படிக்கையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றைப் படித்தபொழுது, அம்முதியவரின் இரண்டு வாக்கியங்களும் எமக்குப் பொருளாயின. அப்பொழுது அவர் உயிரோடில்லை.

அம்மக்களுள் இலங்கையில் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டில் நிறைவேறியது. 1948-க்கும் 2003-க்கும் இடையே 55 ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, மணந்து, பேரன் கண்டு, முதுமை எய்தும் காலம். அவர்கள் ஊரிலிருந்தவர்களாகிய நம் முன்னோர் இதைப் பற்றி என்ன எழுதினர்? என்ன கேட்டனர்? பெரும்பாலும் வாளாவிருந்தனர். அன்பின்மையால் அன்று, அறியாமையால். உடன்படிக்கை கையெழுத்தாகிச் செய்தித்தாளில் வந்த பின்னரே ஊர் அறிந்தது. கையெழுத்துக்கு முன் ஆராயும் இதழை எவரும் நம் ஊருக்குக் கொண்டுவந்தாரில்லை.

இன்றும் அவ்வாறே. 2023-ஆம் ஆண்டின் இறுதி தொட்டுச் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. அதனாற் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விடுத்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. பயணநாளும் கப்பற் கூலியும் ஏறின. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து மாங்கூழ் ஐரோப்பாவிற்கும் அரபு நாடுகளுக்கும் செல்வது. ஏமன் நாட்டில் எழும் பூசல் நம் தோப்பிற் காய்க்கும் பெங்களூரா மாங்காயின் விலையைத் தொடுகின்றது என்றால், ஏமன் நமக்கு அயலா, அண்டை வீடா?

ஆதலின் இவ்விதழ்களைப் படிக்க வேண்டுமென்கின்றோம். ஆயினும், இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புக என்று கூறோம். மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, எந்தக் கழகத்திற்கு எவர் பொருள் தருகின்றாரென அறிந்து படிக்க வேண்டும். அரசாங்கப் பொருளால் நடப்பன உண்டு. பெருவணிகர் பொருளால் நடப்பன உண்டு. அயல்நாட்டுப் பொருளை ஏற்பனவும் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க என்பது நம் முதுமொழி. இல்லறத்தில் அஃது அறம். ஆராய்ச்சியில் அதுவே குற்றமாதலும் கூடும். பொருள் தந்தோர்க்கு மாறான முடிபு அவ்விதழில் என்றேனும் வந்ததுண்டா என்று பார்த்தால் அதன் தரம் விளங்கும்.

இரண்டாவது, கட்டுரையில் ‘தேசிய நலன்’ என்னும் சொல் வருமிடமெல்லாம், ‘எவருடைய நலன்?’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்க. நெசவாளர் நலனும் தேசிய நலனே. கூடு வளர்ப்போர் நலனும் தேசிய நலனே. இராமேசுவரத்து மீனவர் வலையும் அவ்வாறே. 1974-ஆம் ஆண்டில் கச்சத்தீவு இலங்கைக்கு உரியதென ஏற்கப்பட்டபொழுது டில்லியிற் கூறப்பட்டதும் தேசிய நலனே; அன்று முதல் பாக்கு நீரிணை மீனவர் கேட்டு வருவதும் தேசிய நலனே. இப்பொருளைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. சூரியநாராயண் 1994-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். டில்லியினின்று நோக்குங்கால் சிறு புள்ளியாகத் தோன்றும் தீவு, சென்னையினின்று நோக்குங்கால் பலர் வாழ்வாகத் தோன்றுகின்றது. ஆராய்ச்சி எந்த இடத்திலிருந்து செய்யப்படுகின்றது என்பதும் ஒரு பொருளேயாம்.

மூன்றாவது, இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன, விலையும் மிகுதி, நடையோ கடினம். பேரரசுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், பட்டுக்கூட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாது விடுதல் உண்டு. அது அவர் குற்றம் மட்டுமன்று. கூட்டின் கதையை அவர்க்கு எழுதியனுப்பும் கல்வியுடையார் நம்மிடத்தினின்று எழாததும் ஒரு காரணமாகும்.

இனி யாது செய்யலாம்? பெரிய திட்டம் எதையும் யாம் கூறவில்லை. நம் சங்கம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கல்வி உதவி நல்கி வருகின்றது. அவ்வுதவி பெற்றுக் கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞரும் பெண்மக்களும் நம்மிடையே பலர் உள்ளனர். ஆங்கிலத்தில் அவர்கட்குள்ள பயிற்சி எம்மினும் மிகுதி. சங்கப் பொருளால் ஆராய்ச்சி இதழ் ஒன்றோ இரண்டோ வரவழைத்து நம் படிப்பகத்தில் வைப்போம். திங்கள்தோறும் ஒருவர் ஒரு கட்டுரையைத் தேர்ந்து, அதன் சாரத்தை எளிய தமிழில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதட்டும். நம் மாத வெளியீட்டில் அதனை அச்சிடுவோம். மொழியிற் பிழை திருத்தும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். அதற்குக் கூலி வேண்டா.

அச்சாரத்தின் கீழே மூன்று வினாக்கட்கு விடை இருத்தல் வேண்டும். இச்செய்தியால் நம் வட்டாரத்தில் எந்தத் தொழில் தொடப்படும்? இதனால் நலம் பெறுவார் எவர், நட்டமுறுவார் எவர்? இதைப் பற்றி முறையிட வேண்டுமாயின் எவரிடம் முறையிடுவது? இம்மூன்றும் விளங்கினால், நுண்பொருள் மற்றவை விளங்காவிடினும் பெரிதில்லை. ஓராண்டு இவ்வாறு செய்து பார்ப்போம். பயனில்லையெனத் தோன்றினால் நிறுத்திவிடுவோம்.

ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், நம் இளைஞருள் ஒருவர் நம் ஊர்ப் பட்டைப் பற்றியோ மாங்கூழைப் பற்றியோ தாமே ஒரு கட்டுரை எழுதி அவ்விதழ்களுள் ஒன்றிற்கு அனுப்புவாராயின், அன்று நம் சங்கம் செய்த பணி நிறைவுற்றதென்போம். அது திரும்பி வந்தாலும் குற்றமில்லை. திருத்தி மீண்டும் அனுப்பலாம். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்த வரலாற்றைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. சில செய்யுட்களே எஞ்சின. நம் ஊரின் கதையை நாம் எழுதிக் காவாவிடின், எஞ்சுவது அவ்வளவே.

முடிவாக, எம் மாமனைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் அவரையும் மைத்துனரையும் ஒரு பந்தியில் அமர்த்தினோம். வரி 30-இலிருந்து 5 ஆனதையும் மீண்டும் 15 ஆனதையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் காட்டினோம். மைத்துனர், ‘இதைத்தானே அண்ணா அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் தவித்தேன்’ என்றார். மாமன் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘தோட்டத்தைக் கல்லும் முன்னே இந்தத் தாள் வந்திருக்கக் கூடாதா?’ என்றார்.

அந்த வினாவிற்கு யாம் விடை கூறவில்லை. ஒரு தாள், உரிய காலத்தில், நாம் படிக்கும் மொழியில் வந்து சேர வேண்டும். அதற்கு வழி செய்யுமாறே இவ்வவையை வேண்டிக்கொள்கின்றோம்.